கனைப்புக்குக் காத்திருந்த பரீட்சை

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் எழுத்து கோழி கிளறினது போலத்தான் இருக்கும். நான் மேச்சேரிப் பக்கத்துக்காரி. ஆடு ஓட்டின நாள் போக மிச்ச நாளில் பள்ளிக்கூடம் போய் அஞ்சாவது முடித்தவள். நினைவும் முன்போல இல்லை. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றில் போய் நிற்கிறேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் எழுதித் தருகிறேன் என்றேன். அதுவும் இப்போது பெரிய வேலையாகத் தெரிகிறது.

நம்ம ஊரிலேயே பல்கலைக்கழகம் வந்துவிட்டது. அதில் உதவியாளர்களாகச் சேர்ந்த பெண்கள் நீங்கள் வந்து, "பழைய காலத்துல காலேஜ் எப்படி இருந்துச்சு, எழுதிக் குடுங்க பாட்டி" என்று கேட்டீர்கள். வரலாறு தெரிந்தவர்கள் வேறு ஆட்கள். நான் பார்த்தது வராந்தாவின் கோடியில் இருந்த ஒரு அறையை. அங்கிருந்து தெரிந்ததைத்தான் சொல்ல முடியும்.

எங்கள் காலத்தில் சர்வகலாசாலை என்றால் அது மெட்ராஸ் பட்டணத்தில் இருந்தது. சேலத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. அங்கிருந்து ரயிலில் அரக்கு முத்திரை வைத்துக் கேள்வித்தாள் வரும். எழுதின தாள் கட்டுக் கட்டாகப் போகும். கோடையில் தேறினவர்கள் நம்பரைப் பேப்பரில் போடுவார்கள். அவ்வளவுதான் எங்களுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை. எங்கள் காலேஜ் ஒரு ஹைஸ்கூலின் பின்கட்டில் ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். நான் போனபோது தனியாக ஓட்டுக் கட்டடம், சுற்றிலும் வராந்தா, வராந்தாவில் நின்றால் ஏற்காட்டு மலை. படிப்பு இன்டர்மீடியட் வரைக்கும்தான். பி.ஏ. படிக்க வேண்டுமானால் வெளியூர் போக வேண்டும்.

நான் வேலைக்கு வந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். சர்வகலாசாலையிலிருந்து கமிஷன் என்று பெரியவர்கள் வந்து, காலேஜ் தகுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். புத்தக அலமாரியைத் திறந்து பார்த்தார்கள், சோதனைச் சாலையில் குழாயைத் திருகிப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர், "பெண்களுக்குத் தனி அறை எங்கே?" என்று கேட்டுவிட்டார். அப்போது காலேஜில் பெண் பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அறை வேண்டுமாம், அறைக்கு ஒரு ஆயாவும் வேண்டுமாம். உடைந்த பெஞ்சும் கிழிந்த தேசப்படமும் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தார்கள். வாசலில் மூங்கில் தட்டி கட்டினார்கள். ஒரு மண்பானை, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, அப்புறம் நான். வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, இருபது சொச்சம் வயதில் பிழைப்புக்கு வழி தேடிக்கொண்டிருந்தேன். அந்த வயதிலேயே எனக்கு ஆயா என்று பெயர் விழுந்துவிட்டது.

ஒரு வருஷம் முழுக்க ஆளில்லாத அறைக்குக் காவல் இருந்தேன். காலையில் பானையில் தண்ணீர் ஊற்றுவேன், சாயங்காலம் அதைச் செம்பருத்திக்கு ஊற்றுவேன். மணி அடிக்கிற பியூன் ஆத்தூர்க்காரர், வாய் சும்மா இருக்காது. "இன்னா ஆயா, உன் ராணிங்க இன்னும் பல்லக்குல இருந்து எறங்கலியா?" என்று தினமும் கேட்பார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன்.

அடுத்த வருஷம் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருத்தி வக்கீல் மகள், ஒருத்தி டாக்டர் மகள், இரண்டு பேரும் டவுன் பிள்ளைகள். மூன்றாவது ஆள் நாச்சம்மாள். நாமக்கல் பக்கத்தில் தோட்டம் தொரவு உள்ள குடும்பம். அஸ்தம்பட்டியில் அத்தை வீட்டில் தங்கி, குதிரை வண்டியில் வருவாள்.

அவளைச் சேர்க்க அவள் அப்பா வந்த நாள் எனக்கு மறக்காது. நல்ல உயரம், தலையில் உருமால், மேலெல்லாம் வெயில் பட்ட கறுப்பு. பிரின்சிபாலிடம் பேசி முடித்துவிட்டு நேராக என் அறை வாசலுக்கு வந்தார்.

"அம்மிணி, நீங்கதான் ஆயாவுங்களா?"

"ஆமாங்க."

"அந்தப் புள்ளை அழுது அடம்புடிச்சு வந்திருக்குது. எங்க பங்காளிக ஊட்டுல எல்லாரும் சிரிக்கறாங்க. வாத்தியார் பின்னால போகோணும், வாத்தியார் பின்னால வரோணும். தனியா பசங்க முன்னால அது ஒரு அடி வெக்கப்படாது. வாக்குக் குடுங்க."

"குடுத்தனுங்க."

"அப்பிடி ஒரு நா நடந்துச்சுன்னு காதுல உழுந்தா, அன்னிக்கே வண்டியில ஏத்திட்டுப் போயிருவேன். மாமன் மகன் காத்துட்டு இருக்கறான்."

அவர் புதிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. காலேஜில் வழக்கமே அதுதான். பெண் பிள்ளைகள் தாமாக வகுப்புக்குப் போகக் கூடாது. மணி அடித்ததும் சேலையைச் சரி செய்துகொண்டு, புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தட்டிக்குப் பின்னால் வரிசையாக நிற்பார்கள். வகுப்பு எடுக்கப் போகிற சார் அந்த வழியாக வந்து, தட்டிக்கு வெளியே நின்று தொண்டையைக் கனைப்பார். உடனே நான் தட்டியை விலக்குவேன். அவர் திரும்பிப் பார்க்காமல் நடப்பார், இவர்கள் பின்னால் நடப்பார்கள். முன்வரிசையில் ஓரமாக ஒரு பெஞ்சு. வகுப்பு முடிந்ததும் அதே மாதிரி சார் பின்னால் திரும்பி வருவார்கள். கனைப்பை வைத்தே எந்த சார் என்று சொல்லிவிடுவோம். கணக்கு சார் இரண்டு முறை கனைப்பார். தமிழ் ஐயா கனைப்பு தாளம் போட்டது போல வரும். இங்கிலீஷ் சாருக்குக் கனைப்பே வராது. இருமல் மாதிரி ஒன்று வரும், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. ஒரு குறையும் வரவில்லை.

யுத்தம் வரப்போகிறது என்று பேப்பரில் போட்டுக்கொண்டிருந்த கோடை. இன்டர்மீடியட் பரீட்சை முதல் நாள், இங்கிலீஷ். எங்கள் காலேஜில் பெண்கள் சர்வகலாசாலைப் பரீட்சை எழுதுவது அதுதான் முதல் தடவை. நாச்சம்மாளின் அப்பா ஊரிலிருந்து கூண்டு வண்டி கட்டி வந்திருந்தார். கேட்டுக்கு வெளியே புளிய மரத்தடியில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வராந்தாவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். இந்தப் பரீட்சை தேறினால் மேலே படிப்பதைப் பற்றிப் பேசலாம், இல்லாவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. நாச்சம்மாள் அதை என்னிடம் சொல்லியிருந்தாள்.

முதல் மணி அடித்தது. மூன்று பேரும் எழுந்து தட்டிக்குப் பின்னால் நின்றார்கள். பையன்கள் ஓடுகிற சத்தம் கேட்டது, அப்புறம் அடங்கியது. இரண்டாவது மணி அடித்தது. யாரும் கனைக்கவில்லை.

"இங்கிலீஷ் பேப்பர்தானே, இங்கிலீஷ் சார் வருவாருங்க" என்றாள் வக்கீல் மகள்.

"இருமல் வரட்டும்" என்று டாக்டர் மகள் சிரித்தாள்.

நின்றோம். அறையில் கடிகாரம் கிடையாது. தட்டி மறைப்பதால் பரீட்சை ஹாலும் தெரியாது. நானும் அவர்களோடு காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வெளியே ஒரே அமைதி. அந்த அமைதி எனக்கு என்னமோ போல இருந்தது. தட்டியை விலக்கி வெளியே வந்தேன். பியூன் மணிக்கடியில் முக்காலியில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆயா, ராணிங்க எழுத வரலியா? நான் லீவு போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்."

"சார் இன்னும் கூப்பிட வரலீங்களே அண்ணா."

"எந்த சாரு?"

"இங்கிலீஷ் சாருங்க."

அவர் விசிறுவதை நிறுத்தினார். "இங்கிலீஷ் பரீட்சை அன்னிக்கு இங்கிலீஷ் சாரு காம்பவுண்டுக்குள்ளவே கால் வைக்கக் கூடாது ஆயா. நம்ம சாருங்க யாருமே இல்ல. மேற்பார்வைக்கு வந்திருக்கிறவரு வெளியூர்க்காரரு. உள்ள எல்லாரும் எழுத ஆரம்பிச்சாச்சு."

"அப்ப யாருங்க அண்ணா கனைப்பாங்க?"

"கனைக்கிறதுக்கு ஆளே கெடையாது! அரை மணி தாண்டிச்சுன்னா யாரையும் உள்ள விட மாட்டாங்க. சர்வகலாசாலை சட்டம். அந்தக் கெடியாரத்தப் பாரு."

பார்த்தேன். அரை மணியில் பெரும் பகுதி ஓடிப் போயிருந்தது.

கண்ணுகளா, நீங்கள் எல்லாரும் ஒரு நாள் இப்படி நிற்பீர்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது. ஒவ்வொரு சாரும் இன்னொரு சார் கூட்டிப் போவார் என்று நினைத்திருப்பார். பிரின்சிபாலுக்குக் கேள்வித்தாள் கவலை. வெளியூர்க்காரருக்கு இங்கே இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. பிள்ளைகள் சொன்னபடி நின்றார்கள், நானும் சொன்னபடி நின்றேன். எல்லாரும் ஒழுங்காக இருந்தே ஒரு காரியம் கெட்டுப் போகும் என்று அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

பிரின்சிபாலிடம் ஓடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அவர் ஆபீஸ் அடுத்த கட்டடம். ஹெட் கிளார்க்கிடம் சொல்லி, அவர் உள்ளே போய்ச் சொல்லி, பிரின்சிபால் வெளியே வந்து... அதற்குள் ஹால் கதவு சாத்திவிடும். நானே கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் வராந்தா முழுக்க புளிய மரத்தடிக்குத் தெரியும். நாச்சம்மாளின் அப்பா பார்த்தால் இன்றைக்கே வண்டியில் ஏற்றுவார். கூட்டிப் போகாவிட்டால் ஆவணியில் கல்யாணம். இரண்டு பக்கமும் அந்தப் பிள்ளைக்குப் படிப்பு போய்விடும். ஆனால் ஒரு பக்கத்தில் ஒரு பரீட்சையாவது எழுதியிருப்பாள். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை.

தட்டியை அவிழ்த்து ஓரமாகச் சாய்த்து வைத்தேன். "யாரும் வர மாட்டாங்க. என் பின்னால வாங்க."

டாக்டர் மகளுக்கு அழுகை வந்துவிட்டது. "தனியாங்களா?"

"நான் இருக்கறனே."

நாச்சம்மாள் நகரவில்லை. "எங்கப்பா கேட்டுல இருக்காருங்க ஆயா."

"தெரியும் சாமி. நீ என் முதுகை மட்டும் பாத்துட்டு வா."

முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு நடந்தேன். என் வாழ்நாளில் அந்த வராந்தாவின் நடுவில் நான் நடந்ததில்லை. சுவர் ஓரமாகத்தான் போவேன். பாதி தூரம் போயிருப்போம், கேட்டிலிருந்து குரல் வந்தது.

"அம்மிணி! ஏனுங்க அம்மிணி! வாத்தியார் எங்கீங்க? எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

திரும்பினால் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் அவர் நிறுத்துவார். நான் திரும்பவில்லை. பின்னால் நாச்சம்மாளின் கால் தயங்கியது, வளையல் சத்தம் நின்றதில் தெரிந்தது. நானும் நின்றேன். ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. வளையல் மறுபடி கேட்டது. நடந்தேன்.

ஹால் வாசலில் வெளியூர்க்காரர் நின்றிருந்தார். மெல்லிய ஆள், கையில் கடிகாரம். மூன்று பெண்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரம்மா நீ? இவர்கள் இவ்வளவு நேரம் எங்கே இருந்தார்கள்? வரவில்லை என்று குறித்தாகிவிட்டது."

"காலையிலயே வந்துட்டாங்க சாமி. அந்த ரூமுல நின்னுட்டு இருந்தாங்க."

"எதற்கு?"

"கூப்பிட ஆள் வரலீங்க."

"கூப்பிட ஆளா? மணி அடித்ததே!"

"அது பசங்களுக்குங்க" என்றேன்.

நான் சாமர்த்தியமாகச் சொன்னதாக நினைக்காதீர்கள். உள்ளதைத்தான் சொன்னேன். இரண்டு வருஷமாக அந்த மணி பையன்களுக்குத்தான் அடித்தது. இவர்களுக்குக் கனைப்புதான். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கதவை விட்டு விலகி நின்றார்.

அடுத்த அதிர்ச்சி உள்ளே இருந்தது. ஓரத்துப் பெஞ்சு கிடையாது. சர்வகலாசாலை போட்ட நம்பர்படி இடம். மூன்று பேருக்கும் மூன்று மூலை, சுற்றிலும் பையன்கள். நாச்சம்மாளுக்கு ஜன்னலோரம், முன்னாலும் பின்னாலும் ஆள். அவள் போய் உட்கார்ந்தாள். நான் வாசற்படியிலேயே நின்று பார்த்தேன். ஊரே பயந்த காரியம், பெற்றவர்கள் வாக்கு வாங்கின காரியம். ஒரு பையன்கூட நிமிரவில்லை. அவனவனுக்கு அவனவன் கேள்வித்தாள் எமனாக இருந்தது.

வெளியே வந்தால் நாச்சம்மாளின் அப்பா வந்துவிட்டார். பியூன் குறுக்கே நின்று, "ஐயா, பரீட்சை நடக்குது, சத்தம் போடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாக்குக் குடுத்தீங்களே அம்மிணி." சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"குடுத்தனுங்க. கூட்டிட்டுப் போக ஒரு வாத்தியாரும் இல்லீங்க. இன்னுங் கொஞ்சம் நின்னிருந்தா கதவைச் சாத்தியிருப்பாங்க. உங்க புள்ளை பரீட்சைக்கு வந்துட்டுப் பரீட்சை எழுதாம ஊட்டுக்கு வந்திருக்கும்."

"வண்டியைக் கட்டறேன்."

"கட்டுங்க. அதுக்கு முன்னால அந்த ஜன்னல்ல ஒருக்கா பாத்துட்டுக் கட்டுங்க."

எனக்கு எங்கிருந்து அந்தப் பேச்சு வந்ததோ. அவர் ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தணிந்த குரலில்,

"என்ன, நிமிரவே மாட்டீங்குது?"

"எழுதுதுங்க."

"பின்னால ஒருத்தன் இருக்கறானே."

"அவனும் எழுதறானுங்க."

"முன்னால இருக்கறவன் எழுதலியே. அவன் எங்க பாக்கறான்?"

பியூன் எட்டிப் பார்த்தார். "மோட்டுவளையப் பாக்கறான் சாமி. பல்லி ஏதாச்சும் பதில் சொல்லுதான்னு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க உருமாலை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வண்டி கட்டப் போகவில்லை. வராந்தா படியில் உட்கார்ந்தார். பரீட்சை முடிகிற வரைக்கும் அங்கேயேதான் இருந்தார். நான் பானையிலிருந்து தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். மணி அடித்ததும் நாச்சம்மாள் வந்தாள், கை விரலெல்லாம் மை. அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"முடிச்சிட்டியா?" என்றார்.

"கடைசிக் கேள்வி பாதி உட்டுப் போச்சுங்கப்பா. நேரம் பத்தல."

"நாளைக்கு நேரத்துலயே உள்ள போ" என்றார். அவ்வளவுதான். அதுதான் சம்மதம்.

மறுநாளே வழக்கம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். திட்டவும் இல்லை, நல்லது என்றும் சொல்லவில்லை. "நாளை முதல் நானே வந்து அழைத்துப் போகிறேன்" என்றார். மீதிப் பரீட்சைக்கெல்லாம் அவரே வந்து கனைத்தார். தட்டியை மறுபடி கட்டச் சொன்னார். கட்டினேன். அடுத்த வருஷம் வந்த பிள்ளைகளும் கனைப்புக்குத்தான் காத்திருந்தார்கள். ஒரே ஒரு வித்தியாசம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்தின நாளே போய், "நாளைக்குக் கூப்பிட வரப்போறது யாருங்க?" என்று கேட்டுவிடுவேன். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். யாராவது வருவார்கள் என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தால், அந்த யாராவது யார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு இருந்த கூச்சத்தை விடவா?

நாச்சம்மாள் தேறினாள். பேப்பரில் அவள் நம்பரை பியூன்தான் எனக்குக் காட்டினார். அவள் அப்பாவே வெளியூர் காலேஜில் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று அத்தை வீட்டு வண்டிக்காரன் சொன்னான். அப்புறம் யுத்தம், அரிசிக்கு வரிசை, காலேஜில் பாதிப் பேர் கதர், நாளுக்கொரு ஊர்வலம். சுதந்திரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் எங்கள் காலேஜுக்கே இங்கிலீஷ் டியூட்டராக வந்தாள். காலேஜில் வாத்தியாராக வந்த முதல் பெண் அவள்தான் என்று நினைக்கிறேன்.

முதல் நாள், முதல் வகுப்பு. அறையில் அப்போது பெண் பிள்ளைகள் நிறைய. மணி அடித்ததும் எல்லாரும் தட்டிக்குப் பின்னால் வரிசையாக நின்று காதைக் கொடுத்தார்கள். புது டீச்சருக்குக் கனைப்பு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குள் ஒரே கிசுகிசு. செருப்புச் சத்தம் வந்து தட்டிக்கு வெளியே நின்றது. கனைப்பு வரவில்லை. நான் தட்டியை விலக்கினேன். நாச்சம்மாள் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்து,

"மணி அடிச்சிருச்சுங்களே. என்ன நின்னுட்டு இருக்கறீங்க? முன்னால போங்க, நான் பின்னால வாரேன்" என்றாள்.

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்தன. ஒருத்தி போனாள், அப்புறம் எல்லாரும் போனார்கள். அவள் கடைசியாகப் போனாள். போகும்போது என் பக்கம் குனிந்து, "அன்னிக்கு உங்க முதுகைத்தானுங்க பாத்துட்டுப் போனேன்" என்றாள். நான் அன்றைக்கும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

தெரிந்ததை எழுதிவிட்டேன். இதில் முன்பின் இருக்கும். பி.ஏ. வகுப்பு அவள் வந்ததற்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று குழம்புகிறது. அந்தக் கமிஷன் வந்தது மழைக்காலம் என்று எழுத நினைத்தேன், நிச்சயமில்லாமல் விட்டுவிட்டேன். பழைய ஆட்கள் யாராவது இருந்தால் கேட்டுச் சரி பாருங்கள். இன்னொன்றும் கேட்டுச் சொல்லுங்கள். அந்த மூங்கில் தட்டியை எப்போது எடுத்தார்கள்? தினமும் அதைக் கட்டினவள் நான், அவிழ்த்தவளும் நான். வேலையை விட்டு வரும்போது அது அங்கே இல்லை. எந்த நாளில் கட்டாமல் விட்டேன் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.